சார்ந்திருப்போர் கட்டம்

வரி வசூல் வரலாற்றில் ஒரு பொன்னாள் பிறந்துவிட்டதை இதனால் சகலருக்கும் அறிவித்துக்கொள்கிறோம். மேடைப் பேச்சுப் பயிற்சியாளர் தன் வருமான வரிப் படிவத்தைத் தானே நிரப்பக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருஷமாக, "அதெல்லாம் முடிச்சாச்சுங்க" என்று மனைவிதான் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவந்தாள். இந்த வருஷம் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. முன்னறையில் நான்கு தையல் மெஷின்கள், நானூறு பள்ளிச் சீருடைகள். இதற்குப் பயிற்சியாளர் வைத்திருந்த பெயர், பொழுதுபோக்கு.

இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

நாலாம் பக்கம் வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. 'உங்களைச் சார்ந்திருப்போர்' என்ற கட்டத்தில் மனைவி பெயரைக் கம்பீரமாக அடித்தார். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'இவரைச் சேர்க்க இயலாது.'

"என் பொண்டாட்டியைச் சேர்க்க இவன் யாரு அனுமதி குடுக்க?"

பிறந்த தேதியை மாற்றிப் பார்த்தார். சிவப்பு. கல்யாணச் சான்றிதழைப் படமெடுத்து ஏற்றினார். 'படம் பெரிது' என்றது. சுருக்கி ஏற்றினார். 'படம் தெரியவில்லை' என்றது.

"ஏய், இங்க வா! நீ என்னை நம்பித்தானே இருக்கே?"

மனைவி எட்டிப் பார்த்து, வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "என்னங்க, அந்தக் கட்டத்தை விட்டுட்டு மேல போங்களேன்."

"விடறதா? குடும்பத் தலைவன் நான்! அந்தச் சலுகை என் உரிமை!"

"சரி, உரிமையைக் கொஞ்சம் மெதுவாக் கேளுங்க. பட்டன் காஜா கோணிக்குது."

வீம்புக்கு, உறவு என்ற இடத்தில் 'மனைவி'யை எடுத்துவிட்டு 'மகள்' என்று போட்டார். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் திகைத்தது. 'மகள் தந்தையைவிட இரண்டு வயதே இளையவர். கணக்கு முடக்கப்பட்டது. நேரில் வரவும்.'

சில்லறை இல்லையென்று மனைவியிடமே வண்டிக் கூலி வாங்கிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் பறந்தார்.

கையில் எண்பத்து மூன்றாம் டோக்கன். கவுண்ட்டரில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் நாற்காலி மேல் ஏறினார்.

"நண்பர்களே! இருபது வருஷமா ஒருத்திக்குச் சோறு போடறேன். அதை ஒரு பெட்டி இல்லேங்குது! இன்னைக்கு என் மனைவி, நாளைக்கு உங்க மனைவி!"

கூட்டத்தில் ரத்தம் சூடேறியது. "விடாதீங்க சார்!" என்றார் ஒருவர். "ஆம்பளைன்னா அவ்வளவு இளக்காரமா?" என்றார், மனைவி எதிரில் வாயே திறந்திராத முகமுள்ள இன்னொருவர். நாற்பத்தொன்றை ஒதுக்கிவிட்டு, பயிற்சியாளரைத் தூக்காத குறையாகக் கண்ணாடித் தடுப்பின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

உள்ளே இருந்த குமாஸ்தாப் பெண் மைக்கில் கேட்டாள். "கணக்கு எண்?"

சொன்னார். தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லும்மா!" என்றார் பயிற்சியாளர். "எல்லாரும் கேக்கட்டும்!"

கூடமே கண்ணாடித் தடுப்பை நோக்கிச் சாய்ந்தது.

"மெஷின்ல தப்பில்ல சார்," என்றது ஒலிபெருக்கி. "ஒருத்தரைச் சார்ந்திருக்கறவங்க, தன் கீழ இன்னொருத்தரைச் சேர்க்க முடியாது. உங்க மனைவியோட படிவத்துல, அந்தக் கட்டத்துல மூணு வருஷமா நீங்கதான் இருக்கீங்க."