பனி ஏரிக் குடிசையும் அடக்கு மாத்திரையும்

அன்புத் தங்கை சோல்வேக்கு,

மினசோட்டாவிலிருந்து அண்ணன் ஆர்விட் எழுதிக்கொள்வது. நான் நலம், பூனை நலம், ஏரி லாரி போகும் அளவுக்கு உறைந்திருக்கிறது. உன் அரிசோனா வெயிலும் மாப்பிள்ளையின் இடுப்பும் எப்படி? என் மகள் மாரித் உனக்குப் போன் செய்து அழுதாளாமே, அதை நம்பிவிடாதே. எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. மாத்திரைதான் என்னைப் படுத்திவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் எனக்கு மூத்திரம் அடிக்கடி முட்டிக்கொண்டு வந்தது. சர்ச்சில் நான் எழுந்து எழுந்து ஓட, தன் பிரசங்கம் பிடிக்காமல்தான் ஓடுகிறேன் என்று பாஸ்டர் முகம் வாடிப்போனார். அவருக்காகவே ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். ஓட்டம் நின்றது, நாக்கு உலர்ந்தது, தலைக்குள் மெல்லப் பனி இறங்கியது. பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது. காப்பிக் கோப்பையைப் பிடித்தபடியே ஒரு மதியம் கரைந்துபோகும். பூனைச் சாப்பாட்டைத் தபால் பெட்டியில் வைத்துவிட்டு, பூனைக்குக் கரண்ட் பில்லை நீட்டினேன்.

ஏரி உறைந்ததும் எல்லாரையும்போல நானும் அதன்மேல் நிறுத்திய என் மீன்பிடிக் குடிசைக்குத் தினமும் போவேன். வாசலில் புது விறகு அடுக்கியிருக்கும். யார் அடுக்கியது என்று யோசிக்கத் தொடங்கினால் யோசனை பாதியிலேயே தூங்கிவிடும். உள்ளே அடுப்பு மூட்டிவிட்டு, பனியில் வெட்டிய துளையில் ததும்பும் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எதிர் முக்காலியில் ஆல்மா என்ற விதவை உட்கார்ந்து தூண்டில் போடுவாள். என் குடிசையில் உனக்கென்ன வேலை என்று கேட்பது மரியாதையா? அம்மா நம்மை அப்படியா வளர்த்தாள்? காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

ஒருநாள் மாரித் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "அப்பா, இது நீலக் குடிசை! நம்மது பச்சை, அந்தப் பக்கம் பூட்டிக் கெடக்கு! ஆன்ட்டி, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்றது? மனுஷன் பாசமா காப்பி ஊத்திக் குடுக்கிறாரு. வெளிய போங்கன்னா சொல்ல முடியும்?" என்றாள் ஆல்மா.

அன்றைக்கே மாரித், மறதிக்காரர்களை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்றுக்குப் போன் போட்டாள். "சும்மா பார்த்துட்டு வரலாம்ப்பா." சும்மா பார்க்கப் போன என் சிநேகிதர்கள் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சோல்வே, எனக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டை விட்டுப் போகணுமே என்று பூனையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இல்லத்துக்குப் போகுமுன் ஞாபகப் பரிசோதனைக்கு மாரித் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்தேன், முள் மட்டும் மீனாக நீந்திப் போனது. அவள் என் மாத்திரைகளையெல்லாம் மேசையில் கொட்டச் சொல்லி ஒன்றைத் தனியே எடுத்தாள்.

"இது எதுக்கு சார்?"

"பிரசங்கத்துக்கு."

சிரித்துவிட்டாள். "இது மூத்திரப் பையோட நிக்காது. வயசானவங்களுக்கு மூளையையும் மங்க வைக்கலாம். நிறுத்திட்டு வேற வகை தர்றேன். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் இல்லம் கில்லம்னு அலையாதீங்கம்மா" என்றாள் மாரித்திடம்.

மெல்ல மெல்லப் பனி விலகியது. இப்போது என் கடிகாரம் சரியாக மணி காட்டுகிறது, மாரித்தும் இல்லத்துப் பேச்சை விட்டுவிட்டாள். ஆனாலும் ஒரு பெண்பிள்ளையின் குடிசையில் பாதிக் குளிர்காலம் உட்கார்ந்து அவள் விறகை எரித்திருக்கிறேனே! வெட்கத்தில் என் பச்சைக் குடிசைக்கே திரும்பிவிட்டேன். தெளிவு நல்லதுதான். ஆனால் உன் அண்ணி போனதற்கப்புறம் என் எதிரே உட்கார்ந்தவள் ஆல்மா ஒருத்திதான். இங்கே எதிர் முக்காலி காலி.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நல்ல தூக்கமும், பக்கத்திலேயே கழிப்பறையும் ஆண்டவர் அருளட்டும்.

தெளிந்த புத்தியுள்ள அண்ணன்,
ஆர்விட்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஆல்மா வந்து நிற்கிறாள். "ஆர்விட், எனக்கும் அதே மாத்திரைதாங்க. டாக்டரம்மா நிறுத்திட்டாங்க, தலை தெளிஞ்சிடுச்சு. அந்த நீலம் என் குடிசையும் இல்லை! என்னோடது செவப்பு." அப்படியானால் தினமும் எங்களுக்கு விறகு அடுக்கிவிட்டு வாயைத் திறக்காமல் போன புண்ணியவான் யார்? நாளை இருவரும் கேக்கோடு போய் மன்னிப்புக் கேட்கிறோம். "அவரு உட்காரச் சொன்னா மாட்டேன்னு சொல்றது மரியாதை இல்லீங்க" என்கிறாள் ஆல்மா. மூன்று கோப்பை எடுத்து வைத்திருக்கிறேன். மாரித்திடம் சொல்லாதே.