முப்பத்தேழரை அங்குலம்

காலை ஆறரை மணிக்கு ஆமை மறுபடியும் சுவரை முட்ட ஆரம்பித்தது.

"டொக்." கொஞ்சம் இடைவெளி. "டொக்."

"ஒன்பதாவது நாள்," என்றாள் மார்லீன், கையில் காப்பிக் கோப்பையோடு. "இன்னைக்கும் அதே சுவர்."

"புது இடம் இல்லையா, பழகிடும்," என்றார் வெண்டல்.

"நாமளும் ஒருநாள் இந்த வீட்டுக்குப் புதுசாத்தான் வந்தோம். நீ சுவர்ல முட்டிக்கலையே?"

"உங்கம்மாவும் கூடவே வந்தாங்களே, முட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ கவனிக்கல."

மார்லீன் சிரித்தாள். மகள் ஓரிகனுக்குக் குடிபோன பிறகு அவள் டி.வி.யோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஆமை வந்த ஒன்பது நாளாக ஆமையோடு பேசுகிறாள். டி.வி.யைவிட நன்றாகக் கவனிக்கிறது என்கிறாள். அதற்கு ஜெனரல் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

ஜெனரல் இன்னும் அவர்களுடையது ஆகிவிடவில்லை. அரிசோனாவில் பாலைவன ஆமையைக் கடையில் வாங்க முடியாது. வளர்க்க முடியாதவர்கள் திருப்பிக் கொடுப்பதை ஆமைக் காப்பகம் தத்துக் கொடுக்கும். முதல் இரண்டு வாரம் சோதனை. வெள்ளிக்கிழமை காப்பகத்திலிருந்து இங்க்ரிட் என்ற பெண் வந்து பார்ப்பாள். அதற்குள் ஆமை தனக்குக் கட்டிய வளையில் தங்கப் பழகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையோடு எடுத்துப் போய்விடுவாள். ஜூன் வெயிலில் வளை இல்லாத ஆமை வெந்துவிடும்.

வளை கட்டுவது பெரிய வித்தை இல்லை. ஹாலோ பிளாக்குகளைப் பாதி புதைத்து, மேலே பலகை போட்டு, அதன்மேல் மண்ணைக் கொட்டி மேடாக்க வேண்டும். வெண்டல் நாற்பது வருடம் நில அளவையராக வேலை பார்த்தவர். ஒரு மதியத்தில் முடித்துவிட்டார். ஆனால் மேட்டை முழங்கால் உயரத்துக்குக் கட்டி, தோட்டத்து மூலையில் அரளிச்செடிக்குப் பின்னால், ஏதோ திருட்டுச் சாராயம் ஊறல் போட்டவர்போல ஒளித்து வைத்திருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. அதை அவர் மார்லீனிடம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வீடுகளின் வெளித்தோற்றத்தைக் கண்காணிக்கும் தோற்றக் குழுவுக்கு வெண்டல்தான் தலைவர். (நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.) போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் மாடிக் குளியலறையில் பல்பு மாற்றுவதற்காகக் குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றபோது, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு மண்மேடு அவர் கண்ணில் பட்டது. பல்பு மாற்றுவதை விட்டுவிட்டு இறங்கிப் போய், அளவைக் கருவியை எடுத்துவந்து, மறுபடி விளிம்பில் ஏறி அளந்தார். அன்று சாயங்காலமே சங்கத்துக்குப் பெயர் போடாத கடிதம் போனது: "மேற்படி வீட்டில் முப்பத்தேழரை அங்குல உயர மண்மேடு, அண்டை அயலார் கண்ணுக்கு உறுத்தலாக உள்ளது." அதே வேகத்தில் ஒரு விதியும் கொண்டுவந்தார். இரண்டடிக்கு மேல் யார் மேடு எழுப்பினாலும், சுவரைப் பங்கிடும் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அது ஒருமனதாக நிறைவேறியது. குழுவில் மொத்தம் இரண்டு பேர்.

வசந்தத்தில் அந்த மேடு காணாமல் போனது. அது எதற்கு இருந்தது என்று வெண்டல் யோசித்ததே இல்லை. மார்ச் மாதம் தபால்பெட்டியில் யாரோ போட்டிருந்த காப்பகத்தின் துண்டுத்தாளை மார்லீன் ஆசையாக எடுத்துவந்து, இவர் மண்வெட்டியைத் தூக்கி, பிளாக்குகளை அடுக்கிய பிறகுதான், "இதை எங்கேயோ பார்த்திருக்கோமே" என்று தோன்றியது. எங்கே என்று புரிந்தபோது காது சூடேறியது. தோட்டத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார்.

இங்க்ரிட்டுக்குப் போட்டோ அனுப்பினார்கள். உடனே போன் வந்தது.

"சார், பின்னாடி தெரியறது அரளியா?"

"ஆமா. அழகா இருக்கில்ல?"

"அதைத் தின்னா ஆமை செத்துடும் சார். இன்னைக்கே பிடுங்கிடுங்க."

அரளி போனது. மேடு வெட்டவெளியில் நின்றது.

"உள்ள எவ்வளவு சூடு?"

தெர்மாமீட்டர் நூற்றுப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது.

"அது வளையா, அடுப்பா? மண்ணு பத்தாது சார். மூணடிக்கு மேல வரட்டும்."

வெண்டல் பிக்கப் வண்டியில் நாலு நடை மண் கொண்டுவந்து கொட்டினார். வளை குளிர்ந்தது. மேடோ மூன்றடியைத் தாண்டிப் புடைத்து நின்றது. அதை மறைக்கக் கடற்கரைக் குடை ஒன்றை வாங்கி நட்டார். கடையில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். மஞ்சளில் சிவப்பு நண்டுகள்.

இத்தனைக்கும் ஜெனரல் வளைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் சுவருக்குப் போய் முட்டும். வெயில் ஏறியதும் மார்லீன் தூக்கிவந்து வளைக்குள் விடுவாள். பத்தே நிமிடத்தில் வெளியே வந்து மறுபடி சுவருக்கு நடக்கும். சுவரோரமாக வெண்டல் பலகை வைத்துத் தடுத்தார். இப்போது அது பலகையை முட்டியது. "டொக்" போய் "டமார்" ஆனது.

ஐந்தடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வைக்கோல் தொப்பியின் உச்சி நகர்ந்து வந்து நின்றது. கொன்சுவேலோ பர்ராசா, அந்தப் பழைய மேட்டின் சொந்தக்காரர். எண்பத்தொரு வயது, இடுப்பு அறுவை, கைத்தடி.

"தம்பி, அங்க என்ன இடிக்கிறீங்க?"

"ஆமைம்மா. தொந்தரவா இருக்கா? பலகையை எடுத்துடறேன்."

"எடுத்துடுங்க. முன்ன கேட்ட சத்தம்தான் நல்லா இருந்தது." தொப்பி கொஞ்சம் யோசித்தது. "சப்பாத்திக்கள்ளிப் பழம் குடுத்துப் பாத்தீங்களா? முள்ளைச் சுட்டு எடுத்துட்டுக் குடுங்க."

"உங்களுக்கு ஆமையைப் பத்தித் தெரியுமா?"

"இந்த வயசுல எல்லாத்தைப் பத்தியும் கொஞ்சம் தெரியும் தம்பி. குடை நல்லா இருக்கு. நண்டு அழகு."

வெண்டல் உள்ளே வந்து சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றார்.

"நீயும் முட்டப் போறியா?" என்றாள் மார்லீன்.

குடைதான் கெடுத்தது. புதன்கிழமை குழுவின் இன்னொரு உறுப்பினரான லைல், கோல்ஃப் வண்டியில் தெருவைச் சுற்றி வந்தபோது, சுவருக்கு மேல் நண்டுகளைப் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மேட்டைப் பார்த்தார். வெண்டலைப் பார்த்தார். அட்டையில் செருகிய தாளை நீட்டினார்.

"தலைவரே, ஒரு நோட்டீஸ். கையெழுத்துப் போடணும்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு நானே நோட்டீஸ் குடுக்கணுமா?"

"தலைவர் கையெழுத்து இல்லாம செல்லாதே. நீங்க போட்ட விதிதானே!" லைல் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கீழ பெற்றுக்கொண்டவர்னு இருக்கு பாருங்க, அங்கயும் ஒண்ணு போட்டுடுங்க. வெள்ளிக்குள்ள மேட்டை எடுத்துடணும், இல்ல பக்கத்து வீட்டம்மாகிட்ட சம்மதம் வாங்கணும்."

மேட்டை எடுத்தால் ஆமை போகும். ஆமை போனால் மார்லீன் மறுபடி டி.வி.க்குப் போவாள். வெண்டல் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு, சம்மதத் தாளோடு பக்கத்து வீட்டு மணியை அடித்தார். யாரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். கைத்தடிச் சத்தம் கேட்டது.

"வாங்க தம்பி. தாளைக் கொண்டாங்க." கொன்சுவேலோ கண்ணாடியைத் தேடி எடுத்து மெதுவாகப் படித்தார். "இதே தாள்தான். நவம்பர்ல நானும் இதை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன்."

வெண்டல் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"மூணு தரம் வந்தேன். கார் நின்னுச்சு. டி.வி. ஓடுச்சு. ஆள்தான் இல்ல."

ஆள் இருந்தார். மூன்று தரமும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அறுபத்து மூன்று வயதில் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே தன் தொப்பை எப்படி நுழைந்தது என்று அன்று அவரே ஆச்சரியப்பட்டதுண்டு.

"அம்மா," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அந்தப் பேர் போடாத கடிதம், நான் எழுதினது."

"எந்தக் கடிதம் தம்பி? கரண்டு பில், ஆஸ்பத்திரி பில்... எனக்குத்தான் நிறைய வருதே."

"உங்க மேட்டைப் பத்தினது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒளிஞ்சதும் நான்தான். அந்த மேட்டுக்குள்ள... ஏதாவது இருந்துச்சா?"

கொன்சுவேலோ பேனாவின் மூடியைத் திறந்தார்.

"இருந்தது. இருபத்தாறு வருஷமா. குளிர்காலம் முழுக்கத் தூங்கும். எழுப்பக்கூடாதுன்னு சங்கத்துல கெஞ்சி வசந்தம் வரைக்கும் தவணை வாங்கினேன். அப்புறம் அனுப்பிட்டேன்." கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். "எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறீங்களா?"

வெண்டல் குடித்தார். சர்க்கரை போட்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் எல்லாவற்றையும் மார்லீனிடம் சொன்னார். அவள் ஜன்னல் வழியே சுவரடியில் நின்ற ஜெனரலைப் பார்த்தாள்.

"அந்தம்மாவோட ஆமையை நீ விரட்டிட்ட. நம்ம ஆமையை அவங்களுக்குக் குடுத்துடலாம்."

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும். ஆனா அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால இதை வளக்க முடியாது. சுவருக்கு மேல எட்டிப் பாத்துப் பேசிக்கிறேன், போ."

வெள்ளிக்கிழமை இங்க்ரிட் வந்தாள். கொளுத்தும் வெயிலில் கையில் கனத்த கோப்பு, இடுப்பில் அளவு நாடா. வளைக்குள் சூடு பார்த்தாள், தலையாட்டினாள். மேட்டை இரண்டு தரம் அளந்தாள்.

"முப்பத்தெட்டு. பிரமாதம் சார். யாரையாவது வச்சுக் கட்டினீங்களா?"

"இல்ல, நானேதான். இப்பக்கூட முதுகு நிமிரல."

அதையும் கவனமாகக் குறித்துக்கொண்டாள். சுவரடியில் ஜெனரல் ஒருமுறை முட்டியது.

"பாருங்க," என்றார் வெண்டல். "வளைக்குள்ள போகவே மாட்டேங்குது. அது இல்லைன்னாலும் எனக்கு இதை வச்சுக்க யோக்கியதை கிடையாதும்மா." அளவையர் எல்லைக்கல்லை ஒப்படைப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். கடிதம், விதி, ஃப்ரிட்ஜ். "இதைப் பக்கத்து வீட்டு கொன்சுவேலோ அம்மாகிட்ட குடுத்துடுங்க. குனிஞ்சு செய்ய வேண்டிய வேலையெல்லாம் தினமும் நான் போய்ச் செஞ்சு குடுக்கறேன். அவங்க தோட்டத்துலயும் மேடு கட்டறேன். எவ்வளவு உயரம் வேணும்னாலும்."

சுவருக்கு அந்தப் பக்கம், வைக்கோல் தொப்பியின் உச்சி அசையாமல் நின்றது.

இங்க்ரிட் வெண்டலைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். கோப்பில் எதையோ தேடி, பின் குத்திய ஒரு நீலத் தாளைப் பிரித்தாள்.

"அவங்ககிட்டயா? சார், இந்த ஆமையை எங்ககிட்ட ஒப்படைச்சப்போ அவங்க எழுதிக் குடுத்த நிபந்தனை இது: 'பக்கத்து வீட்டு வெண்டலுக்கு மட்டும்தான் குடுக்கணும்; துண்டுத்தாளை அவங்க தபால்பெட்டியில நானே போட்டுடறேன்; மேட்டை அந்தத் தம்பி தன் கையாலயே கட்டணும்; முப்பத்தேழரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறைஞ்சாலும் விடாதீங்க.'"