ஐஸ் அண்ணே தொட்டால் ஓடும் சர்வர்

“புரோகிராம் எழுதுறது உனக்குச் சரிப்பட்டு வராது லா. பேசாம கவுண்டர்ல உட்கார்றியா?” என்று மேனேஜர் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கணினி டிப்ளோமாவும் வாங்கியிருந்தேன். அந்தக் கேள்வி இன்னும் எரிகிறது.

அந்தக் கேள்வி என்மேல் விழக் காரணம் ஐஸ் அண்ணே. பினாங்கு வெயிலில் கம்பளி ஜாக்கெட்டோடு நடுங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே அவர் ஒருவர்தான். சூலியா தெருப் பக்கம் இருந்த எங்கள் மருந்து மொத்த வியாபார அலுவலகத்தில் சர்வர் அறை அவர் பொறுப்பு. ஏர்கோன் குளிரை அவர் வைத்த வைப்பில், தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும். கரண்டியால் தோண்டி எடுப்பார்.

உள்ளே யாரையும் லேசில் விடமாட்டார். முதலாளியே வந்தாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். என்னை மட்டும் செருப்பைக் கழற்றினாலும் விடவில்லை.

“நீ வாசல்லயே நில்லு பிள்ள. பவுடர் போட்டிருக்க. தூசு சர்வருக்கு ஆகாது.”

“நான் பவுடரே போடுறதில்லண்ணே!”

“அப்ப இனிமே போடுவ.”

இப்படிப்பட்டவரோடு என்ன பேசுவது?

நான் எழுதிய ஆர்டர் புரோகிராமும் புது சர்வரும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் மேசைக் கணினிகள் எது கேட்டாலும் அந்த ஒரே சர்வர்தான் பதில் சொல்ல வேண்டும். அது சொல்லவில்லை. கவுண்டரில் இருந்த ராதிகா மருந்தின் பெயரைத் தட்டிவிட்டு, கீழே போய் கோப்பி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் மணல் கடிகாரமே நிற்கும். புது சர்வரை யார் திட்டுவார்கள்? எல்லாரும் என்னைத் திட்டினார்கள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேலை நிரந்தரமில்லை என்றார் மேனேஜர்.

நான் புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். தேடல் வேகமாக நடக்க இண்டெக்ஸ் சேர்த்தேன். கேபிளை மாற்றச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஐஸ் அண்ணே உள்ளே போய் வந்தால் மட்டும் சர்வர் குதிரையாக ஓடும்! கொஞ்ச நேரத்தில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

“அண்ணே கைராசி,” என்றாள் ராதிகா. சர்வர் படுத்தால் “அண்ணே, ஒரு தடவை தொட்டுட்டு வாங்க” என்று கெஞ்சுவது அலுவலக வழக்கமாகிவிட்டது. அவரும் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்து போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படித்தது நான், கும்பிடு அவருக்கா?

ஒரு நாள் கோபத்தில் அந்த அறையின் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டி நின்று பார்த்தேன். சர்வரின் திரையில் கலர் கலராகக் குழாய்கள் முளைத்து, வளைந்து, பின்னிக்கொண்டிருந்தன. ஸ்க்ரீன் சேவர்! கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டால் தானாக ஓடும் படம்.

மேனேஜரைக் கையோடு அழைத்து வந்தேன்.

“அண்ணே, உள்ள போங்க. ஆனா எதையும் தொடாதீங்க.”

அவர் கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டபடி போய் நின்றார். ராதிகாவின் திரையில் மணல் கடிகாரம் அசையவில்லை.

“இப்ப மவுஸை ஆட்டுங்க.”

குழாய்கள் மறைந்தன. “வந்துருச்சு!” என்று கத்தினாள் ராதிகா.

“அந்தக் குழாயை வரையறதுக்கே சர்வர் முழு பலமும் போயிடுது சார். நமக்கு எங்க பதில் சொல்லும்?”

“சும்மா அழகுக்குப் போட்டேன் லா,” என்றார் ஐஸ் அண்ணே. முகம் வெளிறிவிட்டது.

மேனேஜர் சிரித்தார். “எப்படியோ, ஐஸ் கை பட்டதும் சரியாயிருச்சு. நீயும் உன் புரோகிராமை இன்னொரு தடவை பாத்துக்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஐஸ் அண்ணே வெளியே வந்தார். “பாஸ், என் கையில ஒரு ராசியும் இல்ல. கெடுத்தது நான். கண்டுபிடிச்சது இந்தப் பிள்ள. அதை எல்லார் முன்னாலயும் சொல்லுங்க.”

மேனேஜர் சொல்லவில்லை. என்னை நிரந்தரமாக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு பார்க்க நான் அங்கே இல்லை.

இப்போது கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் என் பொறுப்பு. துணைக்கு ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். ஐஸ் அண்ணேயைச் சொன்னேன். திங்கட்கிழமை சேர்கிறார். பினாங்குத் தீவை விட்டு வந்து பழக்கமில்லாத மனிதர், ஃபெர்ரியை விட்டு இறங்கித் திகைத்து நிற்பார். படகுத்துறைக்குப் போய் அழைத்துவர அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.