கோடிட்ட இடத்தில் நின்றவள்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். என்மேல் கோபமாக இருந்தாலும் நலமாகவே இரு. நான்கு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை, ஆகவே கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்று நீ வந்து கதவைத் தட்டியது சத்தியமாக என் காதில் விழவில்லை. மின்விசிறி அப்படி இரைந்தது. ஆகவே மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

தபால் ஆபீஸ் பதவி உயர்வுத் தேர்வு போன புதன்கிழமை முடிந்தது. இது மூன்றாம் முறை. வயது வரம்பினால் கடைசி முறையும்கூட. இதிலும் கோட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை பார்சல் பிரிக்கும் மேசைதான். சொல்வளப் பகுதியில் இருபது கேள்வி, இருபது நிமிடம். வாக்கியத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். கீழே உள்ள நான்கு சொற்களில் பொருந்துவதற்கு வட்டம் போட வேண்டும். பயிற்சி வகுப்பு வாத்தியார் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். "விடையை முதல்ல பார்க்காதீங்க சார். கையால மூடிக்கிட்டு, உங்க மனசுக்கு என்ன வார்த்தை வருதோ அதை நினைச்சுக்குங்க. அப்புறம் கையை எடுத்துட்டு, அதுக்குக் கிட்ட இருக்கிறதைப் போடுங்க." நல்ல வித்தைதான். ஆனால் என் மனசுக்கு இடம் கொடுத்தால் அது ஊர் சுற்றக் கிளம்பிவிடும் என்று அவருக்கு யார் சொல்வது? முதல் கேள்வியில் ஒருவர் மழையிலும் குடையை விரிக்காமல் நடக்கிறார். யாருடைய குடையோ, ஏன் விரிக்கவில்லையோ என்று அவர் பின்னாலேயே நானும் இரண்டு தெரு நடந்தேன். இரண்டாம் கேள்வியில் ஒரு படகு கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது, ஏறிக்கொண்டேன். மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து மேசைமேல் மெல்ல நகர்ந்தது, ஹால் முழுக்கப் பேனாச் சத்தம் தூறல்போல் கேட்டது. மேற்பார்வை பார்த்த அம்மா தோளைத் தட்டி, "சார், தூங்குறீங்களா?" என்றார். "இல்லம்மா, குடையை யார்கிட்ட கொடுக்கிறதுன்னு பார்க்கிறேன்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

எப்படியோ பதினொரு கேள்விகளைத் தாண்டினேன். அதற்குப் பிறகும் சிக்கல் ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறேன். நீ கவலைப்பட்டு ஓடி வர வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
ஒரு தவறும் செய்யாத உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது பொய். காதில் விழுந்தது அக்கா. அன்று வீட்டில் மாதிரித் தேர்வுக்குக் கடிகாரம் வைத்து உட்கார்ந்திருந்தேன், பன்னிரண்டு நிமிடம் பாக்கி. 'அக்காதானே, நிற்பாள்' என்று நினைத்துவிட்டேன். முடித்துவிட்டுத் திறந்தபோது நீ கொண்டு வந்த பை மட்டும் படியில் இருந்தது.

புதன்கிழமை வந்த பன்னிரண்டாம் கேள்வி இது: 'கதவு திறக்காது என்று தெரிந்த பிறகும் நெடுநேரம் வாசலிலேயே நின்றிருந்த அவள் ஒரு ______.' விடைகளைக் கையால் மூடிக்கொண்டேன். மனசுக்கு உடனே ஒரு சொல் வந்தது. கையை எடுத்தேன். பிடிவாதக்காரி, பொறுமைசாலி, ஏமாளி, அப்பாவி என்று இருந்தன. என் சொல் இல்லை. மீதி நேரம் முழுக்க அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும், ஐந்தாவதாக நானே 'அக்கா' என்று எழுதி, அதற்கு வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

பார்சல் மேசையே எனக்குப் போதும். மன்னித்துக்கொள். என்றைக்கு வருகிறாய் என்று சொல்லக்கூட வேண்டாம், வந்து தட்டு. மின்விசிறி ஓடினாலும் கேட்கும். ஆனாலும் நிறுத்தியே வைத்திருக்கிறேன்.