பெரிய மசூதி வாசலில் உங்கள் மாப்பிள்ளை

பென்னலூர்,
18.10.2004

மரியாதைக்குரிய அண்ணன் நரசிம்மனுக்கும் அண்ணி கோவிந்தம்மாவுக்கும் தங்கை மரகதம் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் மாப்பிள்ளை அளவுக்கு மீறி நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதவும்.

இன்று காலை வாசல் தெளிப்பதற்கு முன்பே நான் செய்த முதல் வேலை, அவருடைய கறுப்பு ஷூவை ஷோகேஸிலிருந்து எடுத்து வெளியே வைத்தது. ஆமாம், ஷோகேஸில்தான், கண்ணாடிக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். துருக்கி போய் வந்த ஷூவாம். போய் வந்தது நானும்தான். என்னை யாரும் ஷோகேஸில் வைக்கவில்லை.

கம்பெனி வாங்கிய புது மெஷினுக்குப் பயிற்சி எடுக்க அவரைத் துருக்கியில் பூர்சா என்ற ஊருக்கு அனுப்பினார்கள், மனைவியும் போகலாம் என்றார்கள். நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "நீ இன்னாத்துக்கும்மா போற? பாஷை தெரியாத ஊர்ல தொலஞ்சி பூட்டா யாரு தேடிகினு கீறது? மொதல்ல ஒரகடம் நெலத்துக்குக் கையெழுத்து போட்டுட்டு அப்பறமா பற." அம்மா எனக்கு எழுதிவைத்த கால் காணி உங்கள் நிலத்துக்கு நட்டநடுவில் இருக்கிறது, அது சேராமல் குடோன் கட்டுகிறவர் மீதியைத் தொடமாட்டார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். வந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அண்ணா, நான் தொலையவில்லை.

பயிற்சி முடிந்த மறுநாள் ஊரைச் சுற்றிக்காட்ட, இங்கிலீஷ் பேசும் நெர்மின் என்ற பெண் வந்தாள். முதலில் பெரிய மசூதி. வாசலில் செருப்பு வைக்க மர அலமாரி இருந்தது, டோக்கன் கொடுக்க ஆள் இல்லை. உங்கள் மாப்பிள்ளை அங்கேயே நின்றுவிட்டார். காஞ்சிபுரம் கருட சேவையில் செருப்பைப் பறிகொடுத்து, வைகாசி வெயிலில் தார் ரோட்டில் குதித்துக் குதித்து பஸ் ஸ்டாண்டு சேர்ந்தவர் அல்லவா. "ஆளும் இல்ல, பூட்டும் இல்ல. நான் இங்கயே குந்திகினு கீறேன், நீ பாத்துட்டு வா" என்றார். நெர்மின் ஒரு பையைக் கொடுத்து, இதில் போட்டுக் கையோடு உள்ளே கொண்டுபோகலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். "செருப்ப சாமி எடத்துக்குள்ள தூக்கிகினு போறதா? ஊர்ல சேத்த பாவம் பத்தலைன்னு இங்க வேறயா?" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு, என் செருப்பையும் அவரிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் நடக்காமல் நான் ஓர் இடத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

தலைக்கு மேலே இருபது குவிமாடங்கள். சண்டையில் ஜெயித்தால் இருபது மசூதி கட்டுகிறேன் என்று சுல்தான் வேண்டிக்கொண்டாராம், ஜெயித்ததும் ஒரே மசூதிக்கு இருபது குவிமாடம் வைத்துக் கணக்கை முடித்துவிட்டாராம். மொட்டை என்று வேண்டிக்கொண்டு பூமுடி கொடுக்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுவரெல்லாம் ஆள் உயரத்துக்குக் கறுப்பு எழுத்து; ஓர் எழுத்தும் தெரியாமல் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். நடுவில், கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் விழும் இடத்தில், தண்ணீர்த் தொட்டி. தொழுகிற இடத்துக்கு உள்ளேயே ஏன் தொட்டி என்று கேட்டேன். அங்கே ஒரு பெண்ணின் வீடு இருந்ததாம். சுல்தானே கேட்டும் விற்கமாட்டேன் என்றாளாம். பிறகு எப்படியோ இடம் கைக்கு வந்ததாம், ஆனால் மனமில்லாதவளிடம் வாங்கிய மண்ணில் நெற்றி வைத்துத் தொழக்கூடாது என்று அந்த இடத்தை மட்டும் தண்ணீருக்கு விட்டார்களாம். "கதைதான், சரித்திரம் இல்லை" என்றாள் நெர்மின். சரித்திரம் படித்த எனக்கு அது தெரியும். இருந்தாலும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை விட்டு வர மனம் வரவில்லை.

வெளியே வந்தால் உங்கள் மாப்பிள்ளையைக் காணோம், கூட்டம்தான் தெரிகிறது. ஷூவோடு உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து, காவலுக்கு வைத்த ஆள் என்று நினைத்து ஒருவர் தன் ஷூவையும் விட்டிருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவர். இவர் மறுக்காமல், பெரியது தனி, சிறியது தனி, குழந்தைகளுடையது தனி என்று வரிசை கட்டி, "லைன்ல வுடு, லைன்ல வுடு, இன்னா அவசரம்" என்று அதட்டுகிறார். துருக்கிக்காரர்கள் லைனில் விடுகிறார்கள். மசூதி ஊழியர் ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். போகலாம் வாங்க என்றேன். "இன்னா பேசற நீ? சொந்தக்காரன் வராம ஷிப்டு முடியுமா?" என்றார்.

அவருக்குத் துணையாக நெர்மினை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பழைய பட்டுச் சந்தைக்கு நான் தனியாகப் போனேன். தனியாக, அண்ணா. கடைக்காரப் பெண் ஒருத்தி என் முந்தானையைத் திருப்பிப் பார்த்து மூச்சை இழுத்தாள். "காஞ்சிபுரம்" என்றேன். அவள் போய் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்தாள். நடுவில் நான் நாற்காலியில், கையில் டீ. திரும்பும்போது எந்த வாசல் வழியாக வந்தேன் என்று தெரியவில்லை. யாரையும் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன், குவிமாடங்கள் தெரிந்தன, நடந்தேன். அடுத்தது பச்சை சமாதி. பெயர்தான் பச்சை, ஓடெல்லாம் நம் மயில்கழுத்து நிறம். அங்கே நாங்கள் சொல்வதற்கு முன்பே அவர் வாசலில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

நேற்று கம்பெனி கேண்டீனில் குடும்ப விழா. மேனேஜர் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, மசூதியெல்லாம் எப்படி இருந்தது, சொல்லுங்கள் என்றார். மைக்கைப் பிடித்து நெடுநேரம் யோசித்து, "வாசல் நல்லா அகலமா கீது சார்" என்றார். கேண்டீனே சிரித்தது. அவரும் சிரித்து, "மரகதம், நீயே சொல்லு" என்று மைக்கை நீட்டினார். சொன்னேன். தொட்டிக் கதைக்கு வந்ததும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தங்கமாரி என்ற பெண் எழுந்து, "அக்கா, அந்தப் பொம்பளை பேரு என்ன?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றேன். "பேரு போனா போவுது, எடம் இருக்குல்லா" என்று சொல்லி உட்கார்ந்தாள். அதற்கு விழுந்த கைதட்டல் எனக்கு விழுந்ததைவிட அதிகம்.

மற்றபடி, நீங்கள் சொன்னபடியே அடுத்த புதன்கிழமை வாலாஜாபாத் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வருகிறேன். நீங்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணிக்கு என் அன்பும், உங்கள் முழங்காலுக்கு என் வேண்டுதலும்.

தங்கை,
மரகதம்

பி.கு.: உறையை ஒட்டப்போனவள் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். புதன்கிழமை வருவேன், ஆனால் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு இல்லை, நிலத்துக்கு. கையெழுத்துப் போடப்போவதில்லை. குடோன்காரர் சுற்றிக் கட்டிக்கொள்ளட்டும், நடுவில் என் இடம் இருக்கும். உங்கள் மாப்பிள்ளைக்குக்கூட இதை இன்னும் சொல்லவில்லை. வரப்பில் செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் கூட்டிவரப் போகிறேன்.