படுத்திருப்பவர் முக்கியக் கதாபாத்திரமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு கண்ணாடிக்காரரின் மைத்துனன், தான் நடிக்கும் தொலைக்காட்சித் தொடரின் ‘முக்கியக் கதாபாத்திரங்கள்’ பட்டியலில் ஏறினான். இரண்டு பத்துக்கு யாரோ அவனைக் கழுத்தைப் பிடித்து ‘பிறர்’ பட்டியலில் தள்ளிவிட்டார்கள். இரண்டு பதினைந்துக்குக் கண்ணாடிக்காரர் அவனைத் தூக்கி மறுபடியும் மேலே உட்கார வைத்தார். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் கீழே கிடந்தான்.

பக்கத்தில் காரணம் என்று ஒரு வரி இருந்தது: ‘படுத்தே கிடப்பவர் முக்கியக் கதாபாத்திரம் ஆகமாட்டார்.’ எழுதியவர் பெயர் ‘அளவுகோல்’.

இதெல்லாம் நடக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் எழுதப் பட்டமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். ஒரு புனைபெயரும் கொஞ்சம் பிடிவாதமும் போதும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் நீக்கலாம். ஆனால் நீக்கியது எதுவும் தொலைந்துபோகாது. ஒவ்வொரு பழைய வடிவமும் நாள், நேரம், பெயரோடு ‘வரலாறு’ என்ற பக்கத்தில் அடுக்கடுக்காக இருக்கும். வேண்டுமென்றால் ஒரு சொடுக்கில் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

கண்ணாடிக்காரர் அந்தச் சொடுக்கில்தான் மனதைப் பறிகொடுத்தார். கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். வருகிறவர் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, முன்னது தெளிவா?” என்று கேட்பதுதான் பகல் முழுக்க வேலை. கலைக்களஞ்சியத்திலும் அதே கேள்விதான். பதில் சொல்ல ஊரே வரும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆறு வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்திவருகிறார். அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘நடுநிலையான்’.

“மாத்திட்டீங்களா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“மாத்தினேன். திரும்ப மாத்திட்டான்.”

“எவன்?”

“அளவுகோல்னு ஒருத்தன்.”

“என் தம்பி படுத்துச் சம்பாதிக்கிறது அவன் கண்ணை உறுத்துதாமா?”

தம்பி படுத்துத்தான் சம்பாதித்தான். அதில் பொய்யில்லை. வேறு ஏதோ வேடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனவன், காத்திருந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். அந்த வழியாகப் போன இயக்குநர் நின்று பார்த்து, இவ்வளவு இயல்பாக எவனும் நடித்து நான் பார்த்ததில்லை என்று சொல்லி அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார். தொடரில் அவன் பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. தாத்தா சொத்து முழுவதையும் அவன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுச் சாக, மூன்றாவது அத்தியாயத்தில் மாடிப்படியில் உருண்டு நினைவிழந்தான். இப்போது நூற்றுப் பன்னிரண்டு. அண்ணன்கள், அண்ணிகள், வக்கீல்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று கத்துவார்கள். அவன் கிடப்பான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஹாலில் இருக்கும் சோபாவில் கிடப்பான். மூன்று வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் ஹாலைப் பக்கவாட்டில் கடக்கப் பழகியிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் வங்கியில் வேலை பார்த்தாள், தனிக்குடித்தனம் என்பதில் உறுதியாக இருந்தாள். தனிக்குடித்தனம் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. ஆனால் பெண்ணின் அப்பா நூலகர். தொலைக்காட்சியை நம்பமாட்டார், கலைக்களஞ்சியத்தை நம்புவார். பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையின் பெயர் ‘பிறர்’ என்ற தலைப்பின் கீழ், தேநீர்க் கடைக்காரருக்கும் இரண்டாம் காவலருக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

“நடிகர்னு சொன்னீங்க. இங்க வேற மாதிரி இருக்கே” என்று தொலைபேசியில் கேட்டார். தகவல் பழசாக இருக்கும் என்று மனைவி சமாளித்தாள். அப்படியானால் திருத்தி வரட்டும், மூன்று வாரம் கழித்துப் பார்த்துவிட்டு நேரில் வருகிறோம் என்று அவர் முடித்துக்கொண்டார்.

முதல் வாரம் கண்ணாடிக்காரர் விதிக்கு உட்பட்டுச் சண்டை போட்டார். ஒருவர் செய்ததை ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மாற்றக் கூடாது என்று அங்கே ஒரு விதி. மீறினால் எழுதவிடாமல் கையைக் கட்டிவிடுவார்கள். எனவே காலையில் ஒன்று, கடையில் ஆள் இல்லாத மதியத்தில் ஒன்று, மாலையில் ஒன்று. அளவுகோலும் கணக்காக மூன்றோடு நிறுத்திக்கொண்டார். இருவரும் இப்படி ஒழுக்கமாக ஆறு நாள் அடித்துக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் உரையாடல் பக்கத்துக்குப் போனார்கள். கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் கொல்லைப்புறம் அது. வாசகர்கள் வரமாட்டார்கள், வாய்ச்சண்டை அங்கேதான். யார் முக்கியம் என்பதற்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம், பாதிக்கு மேற்பட்ட அத்தியாயங்களில் தோன்றினால் முக்கியம் என்று கண்ணாடிக்காரர் முன்மொழிந்தார். அளவுகோல் உடனே சம்மதித்தார். ‘அந்தக் கணக்கில் கட்டிலும் நூற்றுப் பத்து அத்தியாயங்களில் வருகிறது’ என்று மட்டும் ஒரு வரி சேர்த்தார்.

போகிற போக்கில் இதைப் படித்த யாரோ ஒருவர் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை முக்கியக் கதாபாத்திரங்கள் பட்டியலில் ‘கட்டில் – சக்கரம் வைத்தது’ என்று இருந்தது. மைத்துனன் ‘பிறர்’ பட்டியலில் இருந்தான்.

“கட்டில் மேல, என் தம்பி கீழயா?” என்றாள் மனைவி.

“இருடி, பேசிக்கிட்டிருக்கேன்.”

“ஆறு வருஷமா ஆளில்லாத கடையில டீ ஆத்துறீங்க. ஒரு வரிக்கு வக்கில்ல.”

சோபாவிலிருந்து மைத்துனன் தலையைத் தூக்கி, “அக்கா…” என்று ஆரம்பித்தான்.

“நீ படு” என்றாள் அவள். படுத்துக்கொண்டான்.

கட்டிலை இறக்குவதற்கே நான்கு நாள் ஆயிற்று. அதற்கு ஆதரவாளர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

இனி அச்சில் வந்த ஆதாரம் இல்லாமல் காரியம் ஆகாது என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. நான் பார்த்தேன், எனக்குத் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது. வேறொருவர் எழுதி, வேறெங்காவது வெளியாகியிருக்க வேண்டும். வாரப் பத்திரிகையில் தொலைக்காட்சிப் பக்கம் எழுதும் அம்மாள் அவருடைய வாடிக்கையாளர். அவர் தன் கண்ணாடியின் மூக்குப்பட்டை தளர்ந்துவிட்டது என்று வந்தபோது, திருகாணியை முறுக்கிக்கொண்டே விஷயத்தைக் காதில் போட்டார். அந்த வாரமே நான்கு வரி வந்தது: கடைக்குட்டிதான் தொடரின் அச்சாணி. கண்ணாடிக்காரர் அதை ஆதாரமாக இணைத்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அளவுகோல் எழுதினார்: ‘நான்கு வரியில் மூன்று வரி நம் கட்டுரையிலிருந்தே எடுத்தது. நாம் எழுதியதை அவர் எடுத்து எழுத, அவர் எழுதியதை நாம் ஆதாரம் என்று காட்டினால், தன் நிழலையே சாட்சிக்குக் கூப்பிட்டது போல ஆகாதா? தவிர, அந்த நடிகர் நடிப்பதே இல்லை. எண்பத்தெட்டாம் அத்தியாயத்தில் உண்மையிலேயே குறட்டை விடுகிறார்.’

பெண்டாட்டியின் தம்பியை எவனோ இப்படிச் சொல்வதா என்று கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. பத்திரிகை அம்மாளுக்கு அதைவிட அதிகம் கொதித்தது. யார் அந்த அளவுகோல், என்னைக் காப்பி அடித்தவள் என்று சொல்ல, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார்.

அடுத்த கேள்வி இன்னும் மோசமாக வந்தது. கண்ணாடிக்காரர் சாப்பாட்டு மேசையில் கணினியோடு உட்கார்ந்திருந்தார். ‘நடுநிலையான் அவர்களே, அந்த நடிகர் உங்களுக்கு உறவா?’ என்று அளவுகோல் கேட்டிருந்தார். சொந்தக்காரரைப் பற்றி எழுதினால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே தலையாய விதி. அந்த விதியின் பேரில் கண்ணாடிக்காரரே ஒன்பது பேரை வெளியேற்றியிருக்கிறார்.

எதிரே பார்த்தார். சோபாவின் கைப்பிடியைத் தாண்டி இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மைத்துனன் கைபேசியை முகத்துக்கு மேல் பிடித்தபடி கொட்டாவி விட்டான்.

‘இல்லை. அவரை நான் பார்த்ததுகூட இல்லை’ என்று தட்டினார்.

‘அப்படியா? ரொம்ப மகிழ்ச்சி’ என்று பதில் வந்தது. அந்த மகிழ்ச்சியில் ஏதோ குத்தல் இருப்பதாக அவருக்குப் பட்டது.

இரண்டு பேரும் இப்படியே போனால் சரிப்படாது என்று நிர்வாகி ஒருவர் கட்டுரைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஒரு வாரம் பொது விவாதம் என்று அறிவித்தார். அங்கே வாக்குகளை எண்ணமாட்டார்கள். வாதங்களை எடை போடுவார்கள். அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் தொடரைப் பார்த்தவர்கள் நான்கு பேர். ஒருவர் வேறு தொடர் என்று நினைத்து இரண்டு பக்கம் எழுதினார். ஒருவர் மற்றவர்களின் காற்புள்ளிகளை மட்டும் திருத்திக்கொண்டிருந்தார். ‘நினைவிழந்தவர் பாத்திரமா, பொருளா’ என்பது பற்றி ஒரு தத்துவப் பேராசிரியர் மூன்று நாள் விடாமல் எழுதியதைப் படித்தவர் யாருமில்லை. அவரை மறுத்தவர்கள் பதினொரு பேர்.

கண்ணாடிக்காரர் கடையைப் பாதி நாள் மூடிவிட்டுத் தன் கடைசி வாதத்தைச் செதுக்கினார். ‘அவர் பேசாமல் இருக்கலாம். ஆனால் இந்தத் தொடரைப் பார்க்கும் ஒவ்வொருவரும் அவர் என்றைக்குக் கண் திறப்பார் என்றுதான் காத்திருக்கிறார்கள். அவர் எழுந்து பேசப்போகும் அந்த ஒரு வார்த்தைதான் தொடரின் உயிர்.’

பத்திரிகை அம்மாள் அந்த மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்து, ‘கண் திறப்பாரா?’ என்ற தலைப்பில் முழுப் பக்கம் எழுதி, அறுபத்து மூன்று பேர் கதையையும் சேர்த்துப் போட்டுவிட்டார். இந்த முறை அளவுகோலிடமிருந்து வாதம் ஏதும் வரவில்லை. ‘தயவுசெய்து வேண்டாம்’ என்று இரண்டு சொல் மட்டும் வந்தது. தோற்றவன் புலம்புகிறான் என்று கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நிர்வாகி தீர்ப்பு எழுதினார். படுத்திருப்பவர் முக்கியக் கதாபாத்திரமே. பட்டியலில் முதலிடம்.

சனிக்கிழமை காலை பெண்ணின் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, பார்த்துவிட்டேன், ஆதாரமும் சரியாக இருக்கிறது, நாளைக் காலை குடும்பத்தோடு வருகிறோம் என்றார். மனைவி திரைச்சீலையை மாற்றினாள். கண்ணாடிக்காரர் மூன்று வருடத்தில் முதல் முறையாக ஹாலில் நேராக நடந்து பார்த்தார்.

மூன்று மணிக்கு வாசலில் படப்பிடிப்புக் கார் வந்து நின்றது. வழக்கமாக மைத்துனன் வர ஏழாகும். ஓட்டுநர் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சோபாவில் உட்கார வைத்தார்.

“என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்று மனைவி பதறினாள்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. இன்டர்நெட்ல அறுபத்து மூணு பேரு இவரு கண்ணு முழிக்கணும்னு கேட்டிருக்காங்களாம். பத்திரிகையில வந்திருக்கு. முக்கியக் கதாபாத்திரத்தைச் சும்மா படுக்க வச்சா எப்படின்னு சேனல்ல பிடிச்சுக்கிட்டாங்க. இன்னிக்குக் காலையில எழுப்பிட்டாங்க.”

“பேசினானா?”

“அரைப் பக்க வசனம். முப்பத்தோரு தடவை எடுத்தாங்க.”

“அப்புறம்?”

ஓட்டுநர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “டாக்டரா நடிக்கிறவரை விட்டு, மூஞ்சி வரைக்கும் போர்வையை இழுத்து மூடச் சொல்லிட்டாங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டாங்கம்மா.”

கார் போயிற்று. மைத்துனன் மெல்லக் கால்களை மேலே தூக்கி, வழக்கம்போல நீட்டிக்கொண்டான். மனைவி கணவன் பக்கம் திரும்பினாள்.

“எல்லாம் அந்த அளவுகோலால வந்தது” என்றார் கண்ணாடிக்காரர் அவசரமாக. “அவன் முதல் நாளே விட்டுத் தொலைச்சிருந்தா, இந்த விவாதமே நடந்திருக்காது.”

சோபாவிலிருந்து கண்ணைத் திறக்காமலே மைத்துனன் சொன்னான்: “எழுப்பிடுவாங்கன்னு பயந்துதான் அத்தான், நீங்க சேர்க்கச் சேர்க்க மூணு வாரமா நான் நீக்கிக்கிட்டே இருந்தேன்.”