மிஷினுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர்

அறுபத்து நாலாம் வருஷம் குளத்தூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்து தமிழுக்கு அருந்தொண்டு ஆற்றிவந்தேன். திருச்சியிலிருந்து வரும் ஆங்கில உத்தரவைத் தமிழாக்கிக் கோப்பில் வைக்க வேண்டும். தமிழ்ப் பிரதி வைக்கப்படாதவரை எந்த உத்தரவும் அமலுக்கு வராது என்பது எங்கள் அலுவலக விதி.

வேலை நிரந்தரமானால்தான் மகள் அமராவதியைக் கொடுப்பேன் என்று கறம்பக்குடி மலையாண்டி சொல்லிவிட்டார். எனக்கோ அமராவதி என்றால் உயிர். ஆகவே மொழிபெயர்ப்பாளனின் அருமையை அதிகாரிக்கு உணர்த்தத் தீர்மானித்தேன். அப்போது படித்தவர்கள் வாயில் எல்லாம் கம்ப்யூட்டர் என்கிற மின்மூளைப் பேச்சுத்தான். நானும் பத்திரிகையில் அரைகுறையாகப் படித்திருந்தேன். அறிஞனாவதற்கு அது போதும்.

"சார், கம்ப்யூட்டருக்கே மொழிபெயர்ப்பாளர் வேணுமாம். நாம எழுதுறதை மிஷினோட எண் பாஷைக்கு மாத்துமாம். கம்பைலர்னு பேரு."

"ஆளா?"

"ஆள் இல்லைங்க சார். அதுவும் எழுதி வச்ச கட்டளைதான்."

"அதை எந்தப் பாஷையில எழுதினாங்க?"

"ஆரம்பத்துல மிஷினோட எண் பாஷையிலயும், அதை ஒட்டின சுருக்கக் குறியிலயும் கையாலயே எழுதினாங்களாம். இப்ப சில இடத்துல, எந்தப் பாஷையை மாத்தணுமோ அதே பாஷையிலயே எழுதிடுறாங்க."

"அப்ப அதை யாருய்யா மாத்துறது?"

"மொதல் தடவை மட்டும் ஆள் மாத்திக் குடுக்கணும். அப்புறம் தன்னைத்தானே மாத்திக்கும்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா அய்யாக்கண்ணு, ஆள் ஒரு தடவைக்குத்தான் வேணும்!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். 'மொழிபெயர்ப்பது எப்படி' என்று விதிகள் எழுதும்படி எனக்கு உத்தரவாயிற்று. முறைப்படி ஆங்கிலத்தில் எழுதி, முறைப்படி நானே தமிழாக்கினேன். இனி அவற்றின்படி மொழிபெயர்க்கச் சொல்லி அவை பியூன் பிச்சைமுத்துவிடம் ஒப்படைக்கப்பட்டன.

"மொத விதியே 'ஆங்கிலத்தை நன்கு படித்துப் புரிந்துகொள்க'ன்னு இருக்குங்க. அது தெரிஞ்சா நான் எதுக்குங்க மணிச் சத்தத்துக்கு ஓடியாரேன்?" என்றார் பிச்சைமுத்து.

"அதெல்லாம் ஆரம்பக் கோளாறு" என்ற அதிகாரி, திருச்சிக்குப் பரிந்துரை அனுப்பிவிட்டார்.

பதில் ஆங்கிலத்தில் வந்தது. என் பதவி ரத்து.

பிச்சைமுத்து காதோரம் வந்தார். "தமிழாக்கினாத்தானங்க அமலு? பேசாம அங்கிட்டு டிராயருக்குள்ள போட்டு வைங்க. ரிட்டையர் ஆகுறவரைக்கும் உக்காந்திருக்கலாம்."

நியாயமான யோசனை. போட்டும் வைத்தேன். ஆனால் அதில் ஒரு வாக்கியம் அனுமார் வால்போல நீண்டு, தமிழுக்கு அடங்கமாட்டேன் என்றது. எனக்கா அடங்காது? வெளியே எடுத்தேன். 'தேவைக்கு மிஞ்சியவராகக் கருதப்பட்டு இதனால் விடுவிக்கப்படுகிறார்' என்று அது முத்தாக வந்து விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ஒருவரிடமும் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதிகாரி வாசித்தார். "அடடா, என்ன தமிழ்யா! இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று மெச்சிக் கோப்பில் வைத்தார். உத்தரவு அமலுக்கு வந்தது.

அதன்பின் வந்த உத்தரவுகளைத் தமிழாக்க ஆளில்லாததால் எதுவுமே அமலாகவில்லை. நிர்வாகம் ரொம்பத் திருந்திவிட்டதாக வட்டாரத்து ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மலையாண்டியும் என் தமிழ்ப் பிரதியை வாங்கிப் படித்தார். "சர்க்கார் காயிதத்துல எனக்கு ஒரு தடவையிலயே புரிஞ்சது இது ஒண்ணுதான் தம்பி" என்று மனதாரப் பாராட்டிவிட்டு, வேறு மாப்பிள்ளை பார்க்கப் போனார்.